நீலத் தொப்பிக்காரர்களும் ஆறு பாட்டில்களும்

1

இதை எழுதத் தொடங்கும்போது என்னிடம் நாற்பத்தொரு மணி நேரம் இருக்கிறது. இப்போது சனிக்கிழமை மாலை ஐந்து. திங்கள் காலை பத்துக்குள் நான் ஒரு கடிதம் அனுப்ப வேண்டும். கதை எழுதச் சொல்லி யாரும் கேட்கவில்லை.

திண்டிவனத்தில் ஒரு தனியார் தண்ணீர்ப் பரிசோதனைக் கூடம். அதன் தலைமை நாசியா அக்கா, கோட்டக்குப்பத்துக்காரர். அவருக்குக் கீழே நான், சங்கவி, எம்.எஸ்ஸி. வேதியியல், விழுப்புரத்திலிருந்து தினமும் பஸ். உள்நாட்டுப் போர் நடக்கும் ஒரு நாட்டில், அகதி முகாமின் தண்ணீர்ச் சோதனைக்குப் பெண் விஞ்ஞானிகளைத் தலைமையேற்க அனுப்புகிறது ஒரு வெளிநாட்டு அமைப்பு. அக்காவின் பெயர் கடைசிப் பட்டியலில் இருக்கிறது. அவருக்குக் கீழே வேலை செய்யும் ஒரு பெண்ணின் கடிதம் வேண்டுமாம். கீழே நான் ஒருத்திதான்.

கடிதம் போக வேண்டிய அதே பத்து மணிக்குத் தன் பெயரைத் திரும்பப் பெறப்போவதாக அக்கா இன்று மதியம் சொல்லிவிட்டார்.

கடிதத்தின் முதல் வரி: நாசியா அவர்கள் சிறந்த தலைவர், ஏனெனில்

(அந்த 'ஏனெனில்' தாண்டி நகரவில்லை. கதையாக எழுதினால் சுலபம் என்று தோன்றியது. நான் எடுத்த மோசமான முடிவுகளில் இது இரண்டாவது. முதலாவதைப் பிறகு சொல்கிறேன். சொல்வேன் என்று நினைக்கிறேன்.)

2

தொடக்கம், முதல் முயற்சி: "குண்டுச் சத்தம் ஓய்ந்த செம்மண் வெளியில் டாக்டர் நஸ்ரின் ஜீப்பிலிருந்து இறங்கினார்."

நஸ்ரின் அக்காதான். நான் சென்னையைத் தாண்டிப் போனதில்லை. அந்தச் செம்மண் வெளி திருவக்கரை கல்மரப் பூங்கா. நான்காவது வரியில் பக்கத்துக் காளி கோயிலுக்கு வந்த ஒரு குடும்பம் உள்ளே நுழைந்து எலுமிச்சம்பழம் விலை கேட்டது. நாட்டின் பெயரையும் எழுதவில்லை. எழுதினால் போனில் தேடி எழுதியது தெரிந்துவிடும்.

கதை நகராத இடத்திலெல்லாம் சர்வதேசப் படையை இறக்கினேன். (அமைதிப்படை என்று எழுதினால் தமிழ் வாசகருக்கு வேறொரு தீவு நினைவுக்கு வரும். அதனால் நீலத் தொப்பிக்காரர்கள்.) இரண்டு பக்கத்தில் ஐந்து முறை வந்தார்கள். யாரும் அழைக்கவில்லை. அவர்களுக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை. வண்டியை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தார்கள்.

3

சரி, நடந்தது.

மூன்று வாரத்துக்கு முன் அனந்தபுரம் பக்கத்தில் ஒரு கிராமத்துக்குப் போனோம். மேல்நிலைத் தொட்டியிலும் தெருக் குழாய்களிலுமாக ஆறு பாட்டில் தண்ணீர் எடுத்தோம். தொட்டியைப் பார்த்துக்கொள்பவர் தேவநாதன். வாளியைக் கழுவிக்கொண்டே பெருமையாகச் சொன்னார்.

"மேடம் வர்றீங்கன்னு பிளீச்சிங் பவுடர ரெண்டு பங்கா போட்டு வெச்சிக்கினேன். ஊரு மானம் போயிடக்கூடாதில்ல."

"தெனமும் போடுங்கண்ணே," என்றார் அக்கா. "நாங்க வர்ற அன்னைக்கி மட்டும் போட்டீங்கன்னா நாங்கதான் வந்து குடிக்கணும்."

"குடிங்க மேடம். டீ வேற சொல்லிக்கிறேன்."

கிருமி இருந்தால் அந்தத் தண்ணீரை ஊற்றிவைத்த டியூபில் நாற்பத்தெட்டு மணி நேரத்துக்குள் வாயுக்குமிழி வரும். ஒன்றிலும் வரவில்லை. தண்ணீர் சுத்தம் என்று அக்கா கையெழுத்துப் போட்டார். பத்தாம் நாள் அந்த ஊரில் பதினொரு குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு. எல்லோரும் பிழைத்து வீடு திரும்பினார்கள். தோண்டிப் பார்த்தபோது சாக்கடைக்குள் குழாய் உடைந்திருந்தது. உடைந்து மாதக்கணக்கில் ஆகிறதாம்.

அப்படியென்றால் எங்கள் காகிதம் எப்படிச் சுத்தம் என்றது?

(அடிக்குறிப்பு: தண்ணீரில் போட்ட பிளீச்சிங் பவுடரின் குளோரின் பாட்டிலுக்குள்ளும் வேலை செய்துகொண்டே வரும். ஆய்வுக்கூடம் வந்து சேர்வதற்குள் கிருமிகளைக் கொன்றுவிடும். குடித்தவர்களுக்குக் கிடைக்காத சுத்தம் பாட்டிலுக்குக் கிடைத்துவிடும். அதைத் தடுக்க, பாட்டிலில் முன்கூட்டியே தயோசல்பேட் என்ற மருந்து சில துளி விட வேண்டும். இது கதைக்குத் தேவையில்லாத விவரம். திருத்தும்போது எடுத்துவிடுவேன்.)

4

ஹைட்டியைப் பற்றி ஒரு பத்தி. அந்த வெளிநாட்டு அமைப்பின் நேர்காணலுக்கு அக்கா தயாரானபோது இதைத்தான் அதிகம் படித்தார். அந்த நாட்டில் அமைதி காக்க வந்த ஐ.நா. படையின் முகாமிலிருந்து கழிவு ஆற்றில் கலந்து, காலரா பரவி, ஆயிரக்கணக்கானோர் இறந்தார்கள். நோய் தொடங்கியது 2010இல். தங்களுக்கும் அதில் பங்கு உண்டென்று ஐ.நா. வாய்திறந்து சொன்னது 2016இல்.

"இத அவங்ககிட்ட கேக்கப்போறேன்," என்றார் அக்கா.

"கேட்டா எடுப்பாங்களாக்கா?"

"எடுக்காட்டி போவட்டும். காப்பாத்த வர்றவங்க கையையும் ஒருத்தர் டெஸ்ட் பண்ணணுமில்ல."

ஐ.நா. எவ்வளவு பெரிய அமைப்பு, அதுவே ஆறு வருடம் எடுத்துக்கொண்டிருக்கிறது. என்னுடையது மூன்று வாரம்தான் என்று இப்போது மனதுக்குள் ஒரு விகிதம் போட்டுப் பார்த்தேன். கணக்கில் எனக்கு எப்போதும் நல்ல மதிப்பெண்.

5

இன்று மதியம் அக்கா டிபன் பாக்ஸைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தார்.

"டியூப்ல காஸ் வந்திருக்கும் சங்கவி. நான்தான் சரியா பாக்கல. பாஸ்போர்ட்டு, விசான்னு மண்டைக்குள்ள ஓடிக்கினே இருந்துச்சி."

"நானும் பாத்தேன்க்கா. வரல."

"நீ எனக்காக சொல்ற. இங்க ஆறு பாட்டில் தண்ணிய ஒழுங்கா பாக்கத் தெரியல, அங்க போயி ஐயாயிரம் பேரு குடிக்கிற தண்ணிக்கி கையெழுத்துப் போடணுமா? வேணாம். திங்கக்கிழம பத்து மணிக்கு வாபஸ் வாங்கிடறேன். பேஜாரு விட்டுது."

பன்னிரண்டு வருடமாக நம்பிய கண்களை அவர் இப்போது நம்பவில்லை. இந்த இடத்தில் நான் பேசியிருக்க வேண்டும். என் டப்பாவிலிருந்து மோர்மிளகாய் எடுத்து அவர் திறக்காத டிபன் பாக்ஸின் மேல் வைத்தேன்.

6

கடிதத்துக்கு ஒரு நல்ல விஷயம் இருக்கிறது. முன்பெல்லாம் பெண்கள் சோதனை செய்வோம், ஆண்கள் கையெழுத்துப் போடுவார்கள். அக்கா வந்ததும் அறிக்கையில் 'பரிசோதித்தவர்' என்று ஒரு கட்டம் போட வைத்தார். என் பெயரை அச்சில் பார்த்தது அங்கேதான். 'சரிபார்த்தவர்' கட்டத்தில் அவர் பெயர்.

பாட்டிலைத் தயார் செய்தவருக்குக் கட்டம் கிடையாது.

அன்று காலை, வண்டிக்காரர் கீழே ஹாரன் அடித்துக்கொண்டிருந்தபோது, நான் அலமாரியைத் திறந்து

7

முடிவுகள்.

அ) நீலத் தொப்பிக்காரர்கள் வந்து டாக்டர் நஸ்ரினின் பெயரைக் காப்பாற்றுகிறார்கள். (ஆறாவது முறை.)

ஆ) எல்லாம் தேவநாதனின் பவுடரால் வந்த வினை என்று தெரிகிறது. இதை அரை மணி நேரம் ஆசையோடு எழுதினேன். பிறகு அவர் வாங்கிக் கொடுத்த டீ நினைவுக்கு வந்தது.

இ) அக்கா போகவில்லை. யாரும் எதுவும் சொல்லவில்லை. சங்கவி வேலையில் நீடிக்கிறாள்.

உங்களுக்குப் பிடித்ததில் டிக் செய்துகொள்ளலாம். மூன்றும் எழுதச் சுலபம் என்பதுதான் அவற்றில் எனக்குள்ள சந்தேகம்.

8

இந்தப் பகுதியை மட்டும் பிறகு எழுதினேன்.

என் திட்டம் எளிமையானது. கதையை அக்காவின் மேசையில் வைத்துவிட்டு வெளியே போய்விடுவது. வாய் திறக்கவே வேண்டியதில்லை. வேலை போனால் பஸ்ஸில் தெரிந்துகொள்ளலாம்.

திங்கள் காலை ஒன்பது நாற்பது. அக்கா கையுறை போட்டு ஒரு மாதிரியைத் திறந்துகொண்டிருந்தார்.

"ன்னா அது? கடுதாசியா? வேணான்னேனே."

"கதைக்கா."

"கதையா? கையில கிளவுஸ் போட்டுக்கினு இருக்கேன். நீயே படி. ஜல்தி, பத்து மணிக்கு அந்த மெயில அனுப்பணும்."

படித்தேன். எலுமிச்சம்பழத்துக்குச் சிரித்தார். அடிக்குறிப்பில் கை நின்றது. ஆறாம் பகுதியில், வாக்கியம் பாதியில் நின்ற இடத்தில் நானும் நின்றேன்.

"அலமாரிய தெறந்து?" என்றார்.

"அவ்ளோதான்க்கா எழுதியிருக்கேன்."

"எழுதாதத சொல்லு."

சுவர்க் கடிகாரத்தில் ஒன்பது ஐம்பத்திரண்டு. அவர் பதிலுக்கு என்ன சொன்னார், அந்த எட்டு நிமிடத்தில் எந்த மெயில் போனது, இன்று நான் எங்கே வேலை செய்கிறேன் என்பதையெல்லாம் நீங்களே முடித்துக்கொள்ளுங்கள். என் பங்கு இவ்வளவுதான்.

"தயோசல்பேட் தீந்துபோயிருந்துச்சிக்கா. புதுசு கேக்கக் கூச்சப்பட்டுக்கினு ஆறு பாட்டிலயும் மருந்து இல்லாமலே குடுத்துட்டேன். உங்க கண்ணு சரியாத்தான் பாத்துது."