எந்தக் காலி?

எங்கள் மருத்துவமனையின் மூன்று சர்வர்களும் ஒரு கூட்டுக் குடும்பம். க்ளஸ்டர் என்போம். ஒவ்வொன்றுக்குள்ளும் ஏழெட்டு வி.எம். குடியிருக்கும், தனிப் பெட்டி இல்லாத கணினிகள் அவை. லேபுக்கு ஒன்று, மருந்தகத்துக்கு ஒன்று, ரத்த வங்கிக்கு ஒன்று. மூன்றாவது சர்வரைப் பிரித்து நெல்லித்தோப்புக் கிளையின் க்ளஸ்டரில் சேர்க்கச் சொல்லிவிட்டார்கள். பிரிக்கும் முன் அதிலுள்ள வி.எம்.களை மற்ற இரண்டுக்கும் மாற்றி, வீட்டைக் காலி செய்ய வேண்டும்.

செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணி. நான் இரண்டாம் மாடியில் திரைக்கு முன்னால். என்னிடம் வேலை பார்க்கும் அருள்முருகன் கீழே, சர்வர் அறையில். கெட்டிக்காரன்தான், ஆனால் வார்த்தைக்கு வரி கட்டுகிறவன்போலப் பேசுவான். ஆறு வி.எம். மாறிவிட்டன. கடைசியாக ரத்த வங்கி. அது பாதி வழியில் இருக்கும்போது திரை அப்படியே நின்றது. போன் அடித்தது, அருள்முருகன்தான்.

“மூணு காலி மேடம்.”

“சரி” என்று சொல்லி, மூன்றைக் க்ளஸ்டரிலிருந்து நீக்கிவிட்டேன். திரையை ஒருமுறை புதுப்பித்துப் பார்த்திருக்கலாம். ஆத்திரக்காரிக்கும் புத்தி மட்டுதான்.

இரண்டு நிமிடத்தில் ரத்த வங்கியிலிருந்து தேவதாஸ் அண்ணன் கூப்பிட்டார்.

“ஸ்டெல்லாம்மா, ஸ்கிரீன் போயிடுச்சு. பிரசவ வார்டுல பன்னெண்டாம் பெட்டு பொண்ணுக்கு ரத்தம் போயிட்டே இருக்கு. பி நெகட்டிவ். மேட்ச் பண்ணி வெச்ச பை எதுன்னு கம்ப்யூட்டர்லதான் இருக்கு. திரும்ப மேட்ச் பண்ணா முக்கால் மணி ஆவும். அவ்ளோ நேரம் தாங்காதுங்கிறாங்க.”

அருள்முருகனைக் கூப்பிட்டேன்.

“காலின்னு சொன்னியேடா?”

“ஆமா மேடம். தொங்கிடுச்சு. ஆள் காலி. அதான் சொன்னேன்.”

நான் காலி வீடு என்று நினைத்தேன். அவன் செத்துப்போனதைச் சொல்லியிருக்கிறான்.

ரத்த வங்கியின் தகவல் மூன்று சர்வர்களுக்கும் பொதுவான பெட்டியில் பத்திரமாக இருந்தது. அந்த வி.எம்.மை ஒன்றாவது சர்வரில் எழுப்பினால் போதும். ஆனால் மூன்று நிஜமாகவே செத்துவிட்டதா? முகம் காட்டாமல் அந்தப் பெட்டிக்குள் இன்னும் எழுதிக்கொண்டிருந்தால்? ஒரே நோட்டில் இரண்டு பேர் ஒரே நேரத்தில் எழுதினால் ஒரு வரியும் மிஞ்சாது. அந்தப் பெண்ணின் வரியும்தான். வில்லியனூர் மாதாவே என்று வாய் தானாகச் சொன்னது.

“லைட்டு எரியுதா அருளு?”

“பச்சை லைட்டு ஒண்ணு மினுக்குது.”

“அப்போ இன்னும் உயிர் இருக்கு. மூணைக் காலி பண்ணு.”



“எந்தக் காலி மேடம்?”

“கரண்டு வயரைப் புடுங்கு. ரெண்டையும். லைட்டு அணைஞ்சதைக் கண்ணால பார்த்துட்டு, அணைஞ்சிடுச்சுன்னு முழுசா சொல்லு.”

“மூணாவது சர்வர். ரெண்டு வயரையும் புடுங்கிட்டேன். எல்லா லைட்டும் அணைஞ்சிடுச்சு.” அவனிடமிருந்து இத்தனை வார்த்தைகளை நான் ஒன்றாகக் கேட்டதேயில்லை.

ஒன்றாவது சர்வரில் எழுப்பினேன். நாலு நிமிடம் எடுத்தது. “வந்துடுச்சும்மா” என்று மட்டும் சொல்லிவிட்டு தேவதாஸ் அண்ணன் ஓடிவிட்டார்.

அதற்குமேல் எனக்கு ஒன்றும் தெரியாது. யாரையும் கேட்கவும் தைரியமில்லை. மத்தியானச் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவில்லை. மூன்று மணிக்குப் பொறுக்கமுடியாமல் பிரசவ வார்டுக்குப் போன் செய்தேன். நர்ஸ் கலைவாணி எடுத்தாள்.

“பன்னெண்டாம் பெட்டா மேடம்? அது காலி.”

கேட்காமல் வைத்துவிடலாமா என்று இருந்தது. ஆனாலும் கேட்டேன்.

“எந்தக் காலிம்மா?”

“எந்தக் காலின்னா? புள்ளையோட மேல ரூமுக்கு மாத்திட்டோம் மேடம்.”