குரங்குக் குல்லா போட்ட சந்தேக நபர்கள்

தோர்ஷா ஏழாம் வகுப்பு. எழுத்துக் கூட்டிப் படிக்கச் சொன்னால் நாக்குத் தள்ளும்; வாய் மட்டும் காளிகாட் கோயில் வரை கேட்கும். அவளைப் போன்ற பெரிய பிள்ளைகளுக்குப் படம் போட்ட துப்பறியும் நாவல்களைக் கொடுத்து வாசிக்கப் பழக்குவது அவர்களுடைய 'திதிமணி'யான, அதாவது டீச்சரான, என் வேலை. திருடன் யாரென்று தெரிந்துகொள்ளும் ஆசையில் எழுத்தோடு மல்லுக்கட்டுவார்கள் என்பது என் கணக்கு.

அந்தக் கணக்கில் மண்ணைப் போட்டவளே தோர்ஷாதான். படங்களை மட்டும் புரட்டிவிட்டுக் கூவுவாள்.

"மீசை மாமாதான்டீ திருடன்! முழியே சரியில்ல பாரு!"

ஒருநாளும் தப்பாது. ஓவியர் அப்படி வரைந்து தொலைத்திருப்பார். மற்ற பிள்ளைகளும் புத்தகத்தை மூடிவிடுவார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

இந்த லட்சணத்தில், தலைமையாசிரியை, பள்ளிக்கே 'பொரோதி' என்கிற பெரியக்கா, தோர்ஷாவிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். "சனிக்கிழமை எம்முன்னால ஒரு பக்கம் வாசிக்கணும். இல்லேன்னா அஞ்சாவதுக்கு இறக்கிடுவேன்." ஐந்தாவதில் இருப்பது தோர்ஷாவின் தங்கை. அன்றுதான் அந்த வாய் அடைத்து நான் பார்த்தேன்.

மறுநாள் காலை லேசாகக் குளிர்காற்று. உடனே கொல்கத்தா முழுக்கக் கண்ணும் மூக்கும் மட்டும் தெரிகிற கம்பளிக் குல்லாவுக்குள் புகுந்துகொண்டது. பால் வாங்கப் போன என் கணவர் என்று நினைத்து, தெருவில் யாரோ ஒருவரை நன்றாகத் திட்டிவிட்டேன். திட்டி முடித்ததும் யோசனை வந்தது.

புதுப் புத்தகம் ஒன்றை எடுத்தேன். ஜமீன்தார், டாக்டர், சமையல்காரர் என்று படத்தில் இருந்த அத்தனை தலைகளுக்கும் கறுப்பு மையால் குல்லா மாட்டினேன். நாயையும் விடவில்லை.

தோர்ஷா முன்னாலும் பின்னாலும் புரட்டினாள். தலைகீழாகவும் பிடித்துப் பார்த்தாள்.

"என்ன திதிமணி அநியாயம் இது? எவன் எவன்னே தெரியல!"

"குளிருதுல்ல, பாவம்."

"நாய்க்குமா?"

"அது மட்டும் என்ன பாவம் பண்ணிச்சு? திருடன் யாருன்னு கீழ எழுதியிருக்கு, படி."

என்னை முறைத்தாள். முணுமுணுத்துக்கொண்டே எழுத்தின் கீழே விரலை வைத்தாள். சோறு ஆறிப்போகிற அளவுக்குப் புத்தகமே கதியென்று கிடக்கிறாள் என்று அவள் அம்மா வந்து சண்டை போட்டாள். எனக்கு அப்படியொரு சந்தோஷம்.

சனிக்கிழமை பொரோதி முன்னால் தோர்ஷா வாசித்தாள். தடுக்கினாள், வியர்த்தாள், ஆனால் நிறுத்தவில்லை. கதையில் பெட்டியைத் திறந்த திருடனின் கையில் ஒரு தழும்பு தெரிந்த இடத்தோடு பக்கம் முடிந்தது. பொரோதி நாற்காலி நுனிக்கு வந்திருந்தார்.

"சரி, ஏழாவதுலயே இரு. யாருடி அந்தத் திருடன்?"

முன்பெல்லாம் கேட்காமலே கூவுகிறவள், புத்தகத்தை மூடி நீட்டினாள். "நீங்களே படிச்சுப் பாருங்க பொரோதி."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பொரோதி புத்தகத்தைப் பிடுங்கிக்கொண்டு தம் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து சத்தம் வந்தது.

"நாய்க்கெல்லாம் எவ குல்லா மாட்டினது?"