சத்து மாத்திரை

ஹென்றிக்கு டாக்டர்களைக் கண்டாலே ஆகாது. துறைமுகத்தில் பாரம் தூக்கும் வின்ச் ஓட்டிய காலத்திலிருந்து, உடம்புக்கு எது வந்தாலும் காசிமேட்டில் மருந்துக்கடை வைத்திருக்கும் நோயலிடம்தான் போவார். நோயல் அவர் மகன் ஜெரிக்கு ஞானஸ்நானத்தில் ஞானத்தகப்பனாக நின்றவன். படித்தவன் பொய் சொல்வான், நோயல் சொல்லமாட்டான். இதில் ஹென்றிக்குச் சந்தேகமே கிடையாது.

அப்படிப்பட்டவர் இப்போது ஆஸ்பத்திரி அவசரப் பிரிவின் வாசலில் உட்கார்ந்திருந்தார். உள்ளே அவர் பெண்சாதி பிலோமி. மீன் கழுவும்போது கெளுத்தி முள் உள்ளங்கையில் ஏறியிருந்தது. மறுநாளே கை வீங்கிக் கறுத்துவிட்டது. காலையில் புருஷனையே யாரென்று கேட்டாள்.

டாக்டர் கார்குழலி வெளியே வந்தாள். பேத்தி வயசுதான் இருக்கும்.

"கையில ஏறின கிருமி ரத்தத்துல பரவிடுச்சுங்க ஐயா. அதுக்கு மருந்து ஏத்திட்டோம், அழுகின சதையையும் வெட்டி எடுத்தாச்சு. ஆனா இறங்கிப்போன பிரஷர்தான் என்ன பண்ணாலும் ஏறமாட்டேங்குது. இப்படியே இருந்தா உயிருக்கு ஆபத்து. அவங்க தினமும் ஏதாவது மாத்திரை சாப்பிடுவாங்களா?"

"ஒண்ணும் கெடையாது."

"மூட்டு வலிக்கு?"

"அதான் இல்லன்றேனே. இன்னாத்துக்கு தோண்டிகினு கீற?"

அவர் பொய் சொல்லவில்லை. நோயல் காகிதத்தில் மடித்துத் தரும் குட்டி மாத்திரையை அவர் மருந்தென்று நினைத்ததே இல்லை. அது சத்து மாத்திரை. ஐஸ் பெட்டி தூக்குகிறவன், வலை இழுக்கிறவன் என்று அந்தப் பக்கம் பாதிப் பேர் அதைத்தான் போட்டுக்கொள்கிறார்கள். முட்டி வலி பறந்துபோகும், நன்றாகப் பசிக்கும், முகம் பூரித்துவிடும். இவரும் பிலோமியும் காலை டீயோடு சேர்த்து அதையும் விழுங்கிப் பழகியவர்கள்.

கொஞ்ச நேரத்தில் நோயல் பிளாஸ்க்கோடு வந்தான். அவனைப் பார்த்ததும்தான் ஹென்றிக்கு மூச்சே வந்தது.

"ரவ டீ குடி மாமு. மூஞ்சி செத்துப்போய் கீது."

"நீ வந்தியே மச்சான், அதுவே போதும். உள்ள கீற பொண்ணு மாத்திர மாத்திரன்னு உசுர வாங்குது."

டீ ஊற்றிக்கொண்டிருந்த நோயலின் கை நின்றது. "நீ இன்னா சொன்ன?"

"ஒண்ணும் துன்றதில்லன்னேன்."

"அப்டியே இருக்கட்டும். சத்து மாத்திர பேச்சையே எடுக்காத. பிலோமி சுருக்குப்பை எங்க? அதுல மிச்சம் இருந்தா எங்கிட்ட குடுத்துடு."

"சத்துக்குத்தான குடுத்த? சொன்னா இன்னா?"

நோயல் இரண்டு பக்கமும் பார்த்தான். "பேஜாரு பண்ணாத மாமு. டாக்டர் சீட்டு இல்லாம வித்தேன்னு கடைய இழுத்து மூடிடுவானுங்க. எனக்கும் ரெண்டு பொண்ணு கீது."

"உள்ள கெடக்கறவ உனக்கு யாரு?"

"அவளுக்கு ஆண்டவர் விட்ட வழி. அதுக்கு நான் தெருவுல நிக்கணுமா?"

ஹென்றி டீயைத் தரையில் வைத்தார். தன் சட்டைப் பையிலிருந்த மாத்திரைப் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு, தடுத்த செக்யூரிட்டியைத் தள்ளிவிட்டு உள்ளே போனார்.

"இதத்தான் துன்றா. ரொம்ப வருசமா."

கார்குழலி ஒரு மாத்திரையைத் திருப்பிப் பார்த்தாள். அந்தப் பக்கத்து நோயாளிகள் பலரிடம் பார்த்த அதே மாத்திரை. "ஸ்டீராய்டு," என்றாள். நர்ஸிடம் ஓர் ஊசியின் பெயரைச் சொல்லிவிட்டுத்தான் இவர் பக்கம் திரும்பினாள். "ஆபத்து நேரத்துல தாங்கிக்க உடம்பு தானா ஒண்ணு சுரக்கும். வெளியிலிருந்து தினமும் கொடுத்துக்கிட்டே இருந்தா அது சுரக்கிறதை நிறுத்திடும். அதான் பிரஷர் ஏறலை. இப்போ அதையே ஊசியில ஏத்துறோம்."

பொழுது சாய்வதற்குள் பிரஷர் ஏறி நின்றது. இரண்டு விரல் போய்விடும், ஆனால் ஆள் பிழைத்துக்கொள்வாள் என்றார்கள். ஹென்றி வெளியே வந்து பார்த்தார். நோயல் இல்லை. பிலோமி இருக்கிறாளா செத்தாளா என்று கேட்கக்கூட அவன் நிற்கவில்லை.

பொட்டலத்தைக் கசக்கிக் குப்பைத்தொட்டியில் எறியப் போனவரை, பின்னாலேயே வந்த கார்குழலி நிறுத்தினாள்.

"நீங்களும் சாப்பிடுறீங்களா?"

தலையை மட்டும் ஆட்டினார்.

"அப்போ எறியாதீங்க. பட்டுன்னு விட்டீங்கன்னா நீங்களும் அவங்களை மாதிரி விழுந்துடுவீங்க. நான் கொஞ்சம் கொஞ்சமா குறைச்சு விடுறேன், மாசக்கணக்கா ஆகும். இன்னைக்குப் போட்டாச்சா?"

"இல்ல."

"போடுங்க."

ஹென்றி கசங்கிய காகிதத்தைப் பிரித்தார். நோயலின் குரல்வளையை நெரிக்கவேண்டிய கையால் ஒரு மாத்திரையை எடுத்து, தண்ணீர்கூட இல்லாமல் விழுங்கினார்.