நான்கு வரித் தையல்

தையல்காரியின் மதியங்கள் பாதித் தூக்கத்தில்தான் கழியும். மெஷின் தன்பாட்டுக்கு ஓடும். துணி தண்ணீராய் ஊசிக்கு அடியில் வழுக்கிக்கொண்டு போகும். எது நிஜம், எது கனவு என்று அவளுக்கே பிடிபடாது. அப்படி ஒரு மயக்கத்தில்தான் மகளின் பள்ளிச் சட்டைக் கையை முதல்முறை அரை அங்குலம் பிடித்துத் தைத்தாள்.

மகளுக்குப் பதினொரு வயது. வீட்டில் எல்லோரையும் வேலை வாங்குவதால் மேஸ்திரி என்று பெயர். குடலில் அழற்சி என்று கண்டுபிடித்து ஒரு வருடமாகிறது. தின்றது உடம்பில் ஒட்டாமல் குச்சியாகிப் போனவள், ஸ்டீராய்டு மாத்திரை ஆரம்பித்ததும் கன்னம் உப்பி, பழைய எடைக்கு வந்துவிட்டாள். பார்த்தவர்களெல்லாம் பிள்ளை தேறிவிட்டாள் என்றார்கள். அம்மாவுக்கு வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது.

ஆனால் தையல்காரியின் கண் சும்மா இருக்குமா? மகளின் இடுப்பளவு ஏறிக்கொண்டே போனது, மேல்கை இறங்கிக்கொண்டே வந்தது. டேப் பொய் சொல்லாது என்று ஊருக்கெல்லாம் வாய் கிழியப் பேசுகிறவள், சொந்த மகளுக்கு மட்டும் டேப்பைச் சுருட்டி வைத்துவிட்டாள். சட்டைக் கை தொளதொளத்தால் பிள்ளை மனசொடிந்து போவாளே! அவள் அசந்து தூங்கும் நேரமாகப் பார்த்து இன்னும் கொஞ்சம் பிடித்தாள். இப்படி நான்கு தடவை. சட்டை எப்போதும் கச்சிதம். அன்புதான், யார் இல்லையென்றது? முட்டாள்தனமான அன்பு.

பள்ளி விட்டு நேராக ஆஸ்பத்திரிக்குப் போன அன்று, மருத்துவர் எடையைப் பார்த்துத் திருப்தியாகத் தலையாட்டினார். இதே மருந்து தொடரட்டும், மூன்று மாதம் கழித்து வாருங்கள் என்று எழுத ஆரம்பித்தார். அம்மாவுக்கு அவர் குரல் எங்கோ தூரத்து மெஷின் சத்தமாய்க் கேட்டது. அப்போது மகள் நாற்காலியிலிருந்து இரண்டு கையையும் ஊன்றி எழப் பார்த்தாள். எழ முடியாமல் திரும்ப உட்கார்ந்தாள்.

அம்மாவுக்குத் தூக்கம் தெளிந்தது. சொன்னால் கை மெலிந்ததும் அதைத் தைத்து மறைத்ததும் மகளுக்குத் தெரிந்துவிடும். சொல்லாவிட்டால் இன்னும் மூன்று மாதம் இப்படியே கரைவாள்.

"டாக்டர், எழுதாதீங்க. நான் ஒரு தப்பு பண்ணிட்டேன்."

மகளின் சட்டைக் கையைப் புரட்டிக் காட்டினாள். உள்ளே, ஒன்றை ஒட்டி ஒன்றாக நான்கு வரித் தையல்.

மருத்துவர் பேனாவை மூடினார். கைப்பிடி பலத்தை அளக்கும் கருவி வந்தது. மேஸ்திரி பல்லைக் கடித்துக்கொண்டு அழுத்தியும் முள் ஏழு வயதுப் பிள்ளையின் அளவைத் தாண்டவில்லை. கூடிய எடையெல்லாம் நீரும் கொழுப்பும்தான், உள்ளே தசை குறைந்துகொண்டிருக்கிறது, எடையை மட்டும் பார்த்தது தன் பிசகும்தான் என்றார். ஸ்டீராய்டைப் படிப்படியாகக் குறைத்து வேறு மருந்துக்கு மாறலாம், புரதம் கூட்டலாம், தினமும் பயிற்சி தரலாம். போன தசை திரும்பும், ஆனால் மெதுவாகத்தான்.

வீட்டுக்கு வந்தும் அம்மாவால் மகளின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. வெட்கம் பிடுங்கித் தின்றது.

"எனக்குத் தெரியும்மா," என்றாள் மகள். "ஒவ்வொரு தடவையும் தெரியும். நீ பாவம்னுதான் சும்மா இருந்தேன்."

பிறகு வேறு உடுப்பு மாற்றி, சட்டையை மடியில் போட்டுக்கொண்டு, தையல் பிரிக்கும் ஊசியைக் கேட்டாள். தொளதொளவென்றே போட்டுக்கொள்கிறாளாம். மூன்றாவது வரியில் அவள் விரல்கள் நடுங்க ஆரம்பித்தன. ஊசியை வாங்க நீண்ட தன் கையை அம்மா இழுத்துத் தன் மடியிலேயே வைத்துக்கொண்டாள். மகள் ஒவ்வொரு தையலாகப் பிரித்து முடிக்கும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.