பதினோராவது படி

திரைக்கு அந்தப் பக்கம் அக்கா இடது பக்கமாக ஒருக்களித்துப் படுத்திருந்தாள். இந்தப் பக்கம் நான் அவளுடைய கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவள் அலுவலகத்தில் வருஷாவருஷம் நடக்கும் பரிசோதனையில், இதயத்தில் கூடுதலாக ஒரு சத்தம் கேட்கிறது, எக்கோ ஸ்கேன் எடுத்துவிடுங்கள் என்று டாக்டர் எழுதிக் கொடுத்திருந்தார். ஸ்கேன் எடுக்கும் பெண் ஒவ்வொன்றையும் சொல்லிவிட்டுத்தான் செய்தார். "ஜெல் கொஞ்சம் ஜில்லுன்னு இருக்கும். ஊசியெல்லாம் கிடையாது. இடது கையைத் தலைக்கு அடியில வெச்சுக்கோங்க. கருவிய அழுத்துவேன், வலிச்சா சொல்லுங்க."

"வலிச்சா தம்பிய ரெண்டு போட்டுக்கறேன். அதுக்குத்தான் கூட்டிட்டு வந்திருக்கேன்" என்றாள் அக்கா.

பிறகு விசைகள் தட்டும் ஓசை மட்டும். "மூச்சை வெளிய விட்டு அப்படியே நிறுத்துங்க... போதும்." அக்கா நிறுத்தும்போதெல்லாம் நானும் நிறுத்தினேன். எனக்கு இன்னும் நிறைய மூச்சு மிச்சமிருந்தது.

"இப்ப ஒரு சத்தம் வரும். பயந்துடாதீங்க, உங்க ரத்தம் ஓடுற சத்தம்தான்."

வந்தது. ஈரத்துணியைக் கல்லில் வேகவேகமாகத் தேய்ப்பதுபோல, புஷ்ஷ், புஷ்ஷ் என்று. எனக்குக் காது சுட்டது. கிட்டத்தட்ட இதே சத்தத்தை நான் வாயால் எழுப்பியிருக்கிறேன்.

யாருடைய நடையையும் பார்த்த மாத்திரத்தில் செய்துகாட்ட எனக்கு வரும். போன மாதம் சித்தப்பா குடும்பத்தோடு வந்திருந்தபோது அக்கா மாடிப்படி ஏறுவதைச் செய்துகாட்டினேன். பதினோராவது படியில் நிற்பாள். சாவியைத் தேடுவதுபோல் பைக்குள் கைவிட்டுத் துழாவுவாள். தோள்கள் ஏறி இறங்க, புஷ்ஷ், புஷ்ஷ் என்று மூச்சு வாங்கும். கிடைக்காத சாவிக்காக முகத்தில் ஒரு பொய்க் கவலை. நான் எதையும் விடவில்லை. சித்தப்பாவுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தது அக்காதான். அதற்கப்புறம் அவள் என்னோடு படி ஏறவில்லை. "நீ முன்னாடி போடா, ஒரு போன் பேசிட்டு வரேன்" என்பாள். யாரிடம் அவ்வளவு பேசுகிறாள் என்று அதற்கும் கிண்டல் செய்தேன்.

"படி ஏறினா மூச்சு வாங்குதா?" என்று கேட்டார் அந்தப் பெண்.

"அப்படியெல்லாம் ஒண்ணுமில்லங்க."

"யோசிச்சுச் சொல்லுங்க. இருந்தா டாக்டர் இன்னைக்கே பார்ப்பார். இல்லைன்னு எழுதினா அடுத்த மாசம்தான் கூப்பிடுவாங்க."

"இல்ல. நல்லாத்தான் ஏறுவேன்."

திரை முடிகிற இடத்தில் அவள் பாதங்கள் தெரிந்தன. ஒரு கட்டைவிரல் இன்னொன்றை இறுக்கிப் பிடித்திருந்தது.

"வாங்குது" என்றேன். என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. "பதினோராவது படியில நின்னுடுவா. மூணு மாசமா. முன்னெல்லாம் நிக்காம மேல போயிடுவா."

"இவ்ளோ கணக்கா சொல்றீங்களே, எப்படி?"

மடியிலிருந்த பையின் வாரைச் சுற்றிச் சுற்றி முறுக்கினேன்.

"அவன் என்னை நல்லா கவனிப்பான்" என்றாள் அக்கா. அந்தக் குரலில் கிண்டல் இல்லை. இருந்திருந்தால் தேவலை.

ஸ்கேனில் என்ன தெரிந்தது என்று கேட்டதற்கு, அதை டாக்டர்தான் சொல்லவேண்டும் என்று அந்தப் பெண் காகிதத்தை மடித்துக் கொடுத்தார். அவரைப் பார்க்க இன்றைக்கே மேல்மாடிக்குப் போகச் சொன்னார். லிஃப்ட் வாசலில் ஒரு சக்கர நாற்காலியும் ஏழெட்டுப் பேரும் நின்றார்கள்.

"கொஞ்சம் இரு அக்கா, லிஃப்ட் வரட்டும்."

"ஒரு மாடிதானே" என்று அதற்குள் ஏறத் தொடங்கிவிட்டாள். நான் பின்னாலேயே ஓடினேன். எண்ணக்கூடாது என்று நினைத்துக்கொண்டே எண்ணினேன். பதினொன்றில் நின்றாள். வலது கை பழக்கத்தில் தோளுக்குப் போனது. அங்கே பை இல்லை. விரல்கள் வெறும் காற்றில் ஒருகணம் தேடின. அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

நான் இரண்டு படி கீழே நின்று, பையைத் திறந்து, அவள் கைக்கு எட்டும்படி நீட்டினேன்.