ஓர் ஆளுக்கு ஏற்ற ஊர்

என் கணவர் முப்பத்து நான்கு ஆண்டுகள் லிஃப்ட் பரிசோதகராக இருந்தவர். பேத்தி பிறந்த அன்று ஆஸ்பத்திரியின் மூன்றாம் மாடிக்குப் போனவர், லிஃப்ட் கதவு மூடுவதற்கு அரை விநாடி தாமதமாகிறது என்று கீழே இறங்கிப் புகார் எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் குழந்தையின் முகத்தையே பார்த்தார். அப்படிப்பட்ட மனுஷர் ஓய்வு பெற்றபின் குடியேற ஒரு ஊர் தேடினால் எப்படித் தேடுவார் என்று நான் முன்பே யோசித்திருக்க வேண்டும்.

இந்த ஊரில் முதல் மாடியில் இரண்டு அறை உள்ள வீட்டைப் பத்து நாளைக்கு வாடகைக்கு எடுத்தோம். பிடித்தால் இங்கேயே தங்கிவிடுவது, இல்லையென்றால் அடுத்த ஊர். வந்த அன்றே அட்டையில் நாலு பக்கப் படிவத்தைச் செருகிக்கொண்டு கிளம்பிவிட்டார். குழாயில் தண்ணீர் எத்தனை மணிக்கு வருகிறது, நடைபாதையில் எத்தனை குழி, சிக்னலில் நடப்பவர்களுக்கு எத்தனை விநாடி, எல்லாவற்றுக்கும் ஒரு கட்டம்.

"காத்து நல்லா இருக்குங்க" என்றேன்.

"காத்துக்கு இதுல கட்டம் இல்ல" என்றார்.

மூன்றாம் நாள் காலையில் முட்டி பிடித்துக்கொண்டது என்று உட்கார்ந்துவிட்டார். அதிலிருந்து வெளிவேலை முழுக்க என் தலையில். நான் வீட்டிலிருந்தபடியே துணி தைத்துக் கொடுத்துக் காலம் தள்ளியவள். வங்கி, மருந்துக்கடை, மின்சார ஆபீஸ் எல்லாம் எப்போதும் அவர் பாடு. அன்று வங்கியில் எந்த வரிசையில் நிற்பது என்று தெரியாமல் திருதிருவென்று விழித்தேன். பெரிய சாலையைக் கடக்க முடியாமல் கால் மணி நேரம் ஓரமாக நின்றேன். வீட்டுக்கு வந்து அவர் முட்டியைத் திட்டித் தீர்த்தேன்.

ஆறாம் நாளுக்குள் ஒருவாறு பிடிபட்டது. மருந்துக்கடைக்காரம்மா என்னைக் கண்டதும் "வாங்கக்கா" என்று மாத்திரையை எடுத்து வைக்க ஆரம்பித்தாள். உள்ளூர எனக்குக் கொஞ்சம் பெருமைதான்.

ஏழாம் நாள் அந்தக் கடையின் கண்ணாடிக் கதவில் எதிர்ப்பக்கம் தெரிந்தது. நின்றிருந்த வேனுக்குப் பின்னால் என் கணவர், கையில் ஸ்டாப்வாட்சோடு, இரண்டு காலிலும் திடமாக நின்றுகொண்டிருந்தார். எனக்கு வந்ததே கோபம்! விறுவிறுவென்று சாலையைக் கடந்தேன்.

"முட்டி எப்ப சரியாச்சு?"

"முட்டிக்கு ஒண்ணும் இல்ல" என்றார், தலையைச் சொறிந்துகொண்டு.

அட்டையைப் பிடுங்கினேன். ஒவ்வொரு பக்கத்தின் தலைப்பிலும் 'ஒரு நபர்' என்று எழுதியிருந்தது. வங்கி, தனியாக, பதினெட்டு நிமிடம். கூப்பிட்டால் வரக்கூடியவர், மருந்துக்கடை அம்மா. அதற்குக் கீழே: 'மூன்றாம் நாள் சாலையைக் கடக்கப் பயந்தாள். இன்று பயமில்லை.'

"யாரு இந்த ஒரு நபர்?"

"ஆள் நிறைஞ்ச லிஃப்டை மட்டும் பார்த்தாப் பத்தாது. காலி லிஃப்ட் மேல போறப்ப, அந்தப் பக்கம் தொங்குற எடை இழுத்துக்கிட்டுப் போயிடும். அப்பவும் பிரேக் பிடிக்குதான்னு பார்த்துட்டுத்தான் கையெழுத்துப் போடுவோம்." ஸ்டாப்வாட்சைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு சொன்னார்: "நான் உன்னைவிட ஒன்பது வயசு பெரியவன்."

"நான்தான் முதல்ல போவேன்னு எத்தனை தடவை சொல்லியிருக்கேன்?"

"நீ சொன்னா ஆச்சா?"

எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. "அப்ப உங்களையும் சோதிச்சுப் பார்த்துடுவோம். யாருக்குத் தெரியும்?" என்றேன். அதில் நியாயம் இருப்பதாக அவரே ஒப்புக்கொண்டார்.

மறுநாள் காலையில் சாவியைக் கையில் கொடுத்தேன். "கடைக்குப் போங்க, காய் வாங்குங்க, வந்து நீங்களே கதவைத் திறந்து, சமைச்சுச் சாப்பிடுங்க. நான் உள் ரூம்லதான் இருப்பேன். ஆனா நான் இல்லன்னு நினைச்சுக்கிட்டு வரணும்."

"இவ்வளவுதானா?" என்று உற்சாகமாகக் கிளம்பினார். சமையலில் என்னைவிடக் கெட்டிக்காரர். ஸ்டாப்வாட்ச் இப்போது என்னிடம்.

இருபத்தாறு நிமிடத்தில் இரண்டு பையோடு தெருமுனையில் தெரிந்தார். ஜன்னலை விட்டு உள்ளே வந்து உட்கார்ந்தேன். படியேறும் சத்தம் கேட்டது. கதவருகே நின்றது. சாவி நுழையும் சத்தமும் கேட்டது. அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. இரண்டு நிமிடம், மூன்று நிமிடம். எழுந்து போகக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

அழைப்பு மணி அடித்தது.

நான் அசையவில்லை. இன்னொரு முறை அடித்தது. போய்த் திறந்தேன். பைகள் தரையில் கிடந்தன. சாவி பூட்டிலேயே தொங்கிக்கொண்டிருந்தது. அவர் கண்கள் சிவந்திருந்தன.

"சாவி திரும்பலையா?"

"திரும்பும். நான்தான் திருப்பல. உள்ள யாரும் இல்லன்னு நினைக்கச் சொன்னியே."

கையைப் பிடித்து உள்ளே கூட்டிவந்து உட்காரவைத்தேன். தண்ணீர் கொடுத்தேன். குடித்து முடித்ததும், "இந்த ஊரையே எடுத்துக்கலாங்க" என்றேன்.

"நான் ஃபெயில் ஆயிட்டேனே?"

"உங்களுக்கு எந்த ஊரும் ஒத்து வராது. எனக்கு இந்த ஊர் ஒத்து வரும்." அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனாலும் சொல்லிவிட்டேன். "அதனால நீங்களே முதல்ல போங்க. நான் இருந்து எல்லாத்தையும் பார்த்துட்டு வரேன்."

அவர் கொஞ்ச நேரம் என் கையைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். பிறகு எழுந்து காய் நறுக்கப் போனார்.