பஞ்சலிங்கம் செய்த டெஸ்டரும் அவர் எழுதவேண்டாமெண்ட விரலும்

1

இந்தக் கதையை எழுதச் சொன்னது பஞ்சலிங்கம் தான். பண்டத்தரிப்பிலை லான்ட்மாஸ்டர் வைச்சு, கையாலை பிடிச்சு உழுற அந்த இரண்டு சில்லு மெசினாலை ஊர்க்காணியள் உழுது குடுக்கிற மனுசன். வீட்டிலை தானே டீசல் இஞ்செக்டர் டெஸ்டர் ஒண்டு செய்தவர்.

"நீர் பேஸ்புக் குறூப்பிலை உதுகளை எழுதிறனீர் தானே. என்ரை மெசினைப் பற்றி எழுதும். விரலைப் பற்றி எழுதாதையும்" எண்டார்.

நானும் ஓமெண்டிட்டன்.

அவற்றை வலக்கைச் சுட்டுவிரல் இப்ப இல்லை. அதைச் சொல்லாமல் எழுதிப் பாத்தன். மெசின் ஓடுது, கதை ஓடுதில்லை. அதாலை வாக்கை மீறிப்போட்டன். அவர் இதை வாசிப்பார். (வாசிச்சுக் காட்டியாச்சு. அது பிறகு வரும்.)

2

முதல் தொடக்கம்: "மாரி மழை விட்ட அந்தக் காலமையிலை, பனைகளுக்கு மேலாலை சூரியன்..."

வெட்டியாச்சு. அண்டைக்கு ஆரும் பனையைப் பாக்கேல்லை. லான்ட்மாஸ்டர் கரும்புகை கக்கிக்கொண்டு நிண்டது.

இரண்டாம் தொடக்கம்: "டீசல் இஞ்சினுக்கு இஞ்செக்டர் எண்டது மனுசருக்குத் தொண்டை மாதிரி..." [தொண்டை மாதிரி இல்லை. வேறை உவமையும் வரேல்லை. விடுவம்.]

நேரை சொல்லுறன். இஞ்செக்டர் டீசலைப் பனிப்புகார் மாதிரி இஞ்சினுக்குள்ளை விசிறவேணும். விசிறாமல் ஒழுகினா கரும்புகை தான், இழுவை இருக்காது. டவுனிலை டெஸ்ட் பண்ணக் குடுத்தா அங்கை வரிசை. அது திரும்பி வாறதுக்குள்ளை காணி காஞ்சிடும். மழை விட்டாப் பிறகு மண் உழவுக்குப் பதமா நிக்கிறது கொஞ்சக் காலம் தான்.

அதாலை பஞ்சலிங்கம் லொறி உயர்த்திற போத்தல் ஜக் ஒண்டைக் கழட்டி, எண்ணெய்க்குப் பதிலா டீசல் விட்டு, ஒரு பிரசர் மீற்றரும் இரும்புக் குழாயும் பொருத்தினார். குழாய் நுனியிலை இஞ்செக்டரைப் பூட்டி ஜக்கின்ரை பிடியை அமத்தினா, புஸ்ஸெண்டு விசிறும். டீசல் ஊத்திறதுக்குக் குசினிப் புனல்.

"இஞ்சாருங்கோ, நல்லெண்ணெய்ப் புனல் எங்கை?" எண்டு கேட்டா மனுசி ஜெயகௌரி.

"அது இப்ப கொம்பனி வேலையிலை நிக்குது."

"அப்ப மத்தியானச் சோத்தையும் கொம்பனியிலை கேளுங்கோ."

(உது நான் சோடிச்சதில்லை. இரண்டு பேரும் சிரிச்சுக்கொண்டு தான் சொல்லிக் காட்டினவை.)

3

மெசின் வேலை செய்தது. இதை வடிவா எழுதச் சொன்னவர், எழுதுறன்: வடிவா வேலை செய்தது. தன்ரை இஞ்செக்டரைத் திருத்திப் பூட்டினார், கரும்புகை நிண்டிட்டுது. பின்னேரம் உழப் போகவேண்டியது தான் மிச்சம். அந்த நேரம் பாத்து மாதகல் லெனாட் வந்தான், தன்ரை வள்ளத்து இஞ்செக்டரையும் கொண்டு.

"பஞ்சண்ணை, உதை ஆமிக்காரன் கண்டா குண்டெண்டு தூக்கிக்கொண்டு போயிடுவான்."

"கொண்டுபோனா உன்ரை வள்ளம் கரையிலை தான் கிடக்கும். வாய் பாக்காமல் பிடியை அமத்தடா."

லெனாட் அமத்தினான். விசிறின மாதிரியும் கிடந்தது, ஒரு பக்கத்தாலை நூல் மாதிரிப் பாஞ்ச மாதிரியும் கிடந்தது. வெய்யிலுக்குள்ளை சரியாத் தெரியேல்லை.

இந்த இடத்திலை தான் பஞ்சலிங்கம் சுட்டுவிரலைக் கொண்டுபோய் நுனிக்குக் கிட்டப் பிடிக்கிறார்.

எனக்கு இந்தப் பாத்திரத்திலை சந்தேகம் வந்ததும் இதிலை தான். அந்தப் பிரசருக்கு முன்னாலை, மெசினைச் செய்த மனுசனே விரலை வைப்பாரோ? பிறகு யோசிச்சன். உழமுன்னம் மண்ணைக் கையாலை நசிச்சுப் பதம் பாக்கிறவர். இஞ்சின் சூடு, பெல்ற்றின்ரை இழுவை, கிணத்துப் பம்பிலை தண்ணி ஏறுதோ எண்டுறது எல்லாம் விரலாலை தான் பாக்கிறது. இஞ்சை எல்லாருக்கும் அந்தப் பழக்கம் தான். கண்ணுக்குப் பிடிபடாட்டி விரல்.

4

"முள்ளுக் குத்தின மாதிரிக் கிடக்கு" எண்டார். அவ்வளவுதான். ஒரு சின்னப் புள்ளி.

முதல் பிரதியிலை "இரத்தம் சீறிப் பாய" எண்டு எழுதினனான். வெட்டிப்போட்டன். இரத்தம் வந்திருந்தா மனுசன் ஆசுப்பத்திரிக்குப் போயிருப்பார். வரேல்லை. டீசல் தோலைத் துளைச்சுக்கொண்டு போய், விரலுக்குள்ளாலை உள்ளங்கை மட்டும் பரவினது. வெளியிலை ஒரு அடையாளமும் இல்லை. வாசிக்கிற உங்களுக்கே இப்ப "இவ்வளவு தானோ" எண்டு கிடக்கும். அவருக்கும் அப்பிடித்தான் கிடந்தது.

ஜெயகௌரி மட்டும் விரலைப் பிடிச்சுப் பாத்தா.

"வெளிறிப்போய்க் கிடக்கு. வாங்கோ தெல்லிப்பழைக்கு."

"டீசல் பட்டதுக்கு ஆசுப்பத்திரியோ? சிரிப்பினம்."

"சிரிச்சாச் சிரிக்கட்டுமன்."

"காணி காயுது. நாளைக்குப் பாப்பம்."

மஞ்சளும் சுண்ணாம்பும் குழைச்சுப் பூசிக்கொண்டு உழப் போனார்.

5

முடிவு ஒண்டு: அண்டைக்கே போறார். டீசல், பிரசர் எண்டு கேட்ட உடனை டொக்டர் ஓடி வாறார். கீறிக் கழுவினம். தழும்பு மட்டும்.

முடிவு இரண்டு: எல்லாக் காணியையும் உழுது முடிச்சிட்டுப் போறார். விரல் கறுத்து, நகத்துக்குக் கீழை... [மிச்சம் எழுதேல்லை. நடந்தது இதுதான்.]

இரண்டையும் கொண்டுபோய் வாசிச்சுக் காட்டினன். பஞ்சலிங்கம் மர வாங்கிலை இருந்து கேட்டார். லான்ட்மாஸ்டர் படங்குச் சீலையாலை மூடிக் கிடந்தது. கிளச்சைப் பிடிக்க அவற்றை உள்ளங்கை இப்ப மடங்காது.

"முதலாவதைப் போடும்" எண்டார். "கதையிலையாவது விரல் கிடக்கட்டும்."

ஜெயகௌரி தேத்தண்ணியோடை வந்து நிண்டவ. "அதிலை உவர் எப்பிடி எழும்பிப் போறார்? உவர் போறதுக்கு நான் என்ன சொன்னனான்?"

அந்த முடிவிலை இருக்கிற ஓட்டை அதுதான். வீட்டை வந்து எழுதிப் பாத்தன். ஜெயகௌரியை அழ வைச்சன். "நாளைக்குப் பாப்பம்" எண்டார். ஏச வைச்சன். அதே மறுமொழி. லெனாட்டைக் கொண்டு கையைப் பிடிச்சு இழுப்பிச்சன், உதறிப்போட்டார். விரலை எடுக்கவேண்டி வருமெண்டு நேரையே சொல்லுவிச்சன். "இந்தப் புள்ளிக்கோ?" எண்டு சிரிச்சார். நான் எழுதிற கதைக்குள்ளையே ஒரு மனுசனை ஆசுப்பத்திரிக்கு அனுப்ப என்னாலை ஏலாமல் போச்சு.

கடைசியிலை அவரையே போய்க் கேட்டன். "ஜெயகௌரி என்ன சொல்லியிருந்தா நீர் போயிருப்பீர்?"

விரலில்லாத கையைத் திருப்பிப் பாத்தார்.

"நோகேல்லையே" எண்டார். பிறகு, "அதை வேணுமெண்டா எழுதும்."

6

எழுதிப்போட்டன். முடிவு என்னட்டை இல்லை.

குறூப்பிலை டெஸ்டரின்ரை படம் கேட்டவை கனபேர். உங்களிலை சிலர் ஜக்கைக் கழட்டியும் வைச்சிருப்பியள். உங்களுக்குப் பக்கத்திலையும் ஆரோ ஒராள் நிப்பா. அவ என்ன சொன்னா நீங்கள் எழும்புவியள் எண்டது எனக்குத் தெரியாது, உங்களுக்குத் தான் தெரியும். அந்த வசனத்தைக் கீழை போடுங்கோ. போட்டா முதலாவது முடிவு. போடாட்டி இரண்டாவது.

ஆசுப்பத்திரிக்குப் போக ஓட்டோ ஒழுங்கையிலை நிக்குது. பஞ்சலிங்கம் மஞ்சள் பூசின கையோடை லான்ட்மாஸ்டரை உருட்டிக்கொண்டு வாறார். ஜெயகௌரி படலையை மறிச்சு நிண்டு சொன்னா:

"இஞ்சாருங்கோ, ................................"